எஸ்டி கார்டைச் சொருகியதும் கை எங்கே போகிறது? விண்டோஸ், லினக்ஸ், மேக் பழக்கங்கள்

சால்டர்புகை (இழையைத் தொடங்கியவர்)

எம்பெடட் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. செமஸ்டர் தொடங்கியதும் எல்லோருக்கும் முதல் பயிற்சி ஒன்றுதான்: ராஸ்பெரி பை (சின்னக் கம்ப்யூட்டர் போர்டு) இமேஜை எஸ்டி கார்டில் எழுத வேண்டும், யூஎஸ்பி-சீரியல் கேபிளை மாட்டி, திரையில் லாகின் கேட்கும்வரை கொண்டுவர வேண்டும். லேப்டாப் அவரவர் சொந்தம். விண்டோஸ், உபுண்டு, நடுவே ஒன்றிரண்டு மேக்புக் என்று கலந்துதான் இருக்கும்.

எழுதி முடித்த கார்டை மறுபடி சொருகும்போதுதான் வேடிக்கை. உபுண்டு இரண்டு பார்ட்டிஷனையும் பேசாமல் காட்டிவிடும். விண்டோஸுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் புரியாது. அதனால் சின்ன ஃபேட் பார்ட்டிஷனைத் திறந்து காட்டிவிட்டு, பெரியதற்கும் ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து, "இதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று பெட்டி போடும். முழுக்க லினக்ஸ் பார்ட்டிஷன் மட்டுமே உள்ள டிஸ்க் என்றால், மேக் "படிக்க முடியவில்லை" என்று சொல்லி எஜெக்ட், இக்னோர், இனிஷியலைஸ் என்று மூன்று பொத்தான்களை நீட்டும்.

விண்டோஸ் மாணவர்கள் பாதிப் பேர் அந்தப் பெட்டியில் சரி என்று அமுக்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் "சார், 32 ஜிபி கார்டு 512 எம்பி ஆகிவிட்டது, கார்டு போலியா?" என்று வருகிறார்கள். இந்தக் கேள்வியை உபுண்டு மாணவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. அவர் புத்திசாலி என்பதால் அல்ல. டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்தால் எஸ்டிபி என்று ஒரு டிஸ்க், அதற்குக் கீழே எஸ்டிபி1, எஸ்டிபி2 என்று மரம்போல் அவர் கண்முன்னே விரிகிறது. விண்டோஸ் மாணவருக்குத் தெரிந்ததெல்லாம் இ டிரைவ். டிரைவ் எழுத்து டாஸுக்கு முந்தைய சிபி/எம் ஓஎஸ் காலத்து வழக்கம், டாஸ் வழியாக இன்றுவரை வந்துவிட்டது. அது குறிப்பது வால்யூமை, அதாவது டிஸ்கின் ஒரு பகுதியை. அதற்கு அடியில் டிஸ்க் என்று ஒன்று இருப்பதை அன்றாடம் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

அனுமதி, பாதுகாப்பு, ஓப்பன் சோர்ஸ் என்று பலரும் பேசுவார்கள். என் கணிப்பில் அதையெல்லாம்விடப் பெயர்தான் பழக்கத்தை உருவாக்குகிறது. ஓஎஸ் எதற்குப் பெயர் வைத்துக் கண்ணில் காட்டுகிறதோ, அதைப் பற்றித்தான் ஆட்கள் யோசிக்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

ரூட்வாசி

நூற்றுக்கு நூறு. விண்டோஸ்காரரிடம் எந்தச் சிக்கலைச் சொன்னாலும் முதலில் கேட்பது "இதற்கு என்ன சாஃப்ட்வேர்?" என்றுதான். கார்டு எழுத ரூஃபஸ், சீரியலுக்கு புட்டி, பார்ட்டிஷனுக்கு ஏதோ ஒரு டிரயல் வெர்ஷன். லினக்ஸில் டிஸ்கும் ஃபைல், சீரியல் போர்ட்டும் ஃபைல். கேட் (ஃபைலைக் காட்டுவது), டிடி (டிஸ்கை அப்படியே நகலெடுப்பது), டீமெசேஜ் (ஓஎஸ்ஸின் மையமான கெர்னலின் செய்திப் பதிவு) மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸில் அப்படி ஒரு வழியே கிடையாது.

---

ப்ளூஸ்கிரீன்

விண்டோஸ் டிரைவர் எழுதித்தான் என் சோறு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வழியே கிடையாது என்பது தப்பு. இன்றைய விண்டோஸின் என்டி கெர்னலுக்குள் டிவைஸ், ஹார்ட்டிஸ்க்0, பார்ட்டிஷன்1 என்று உங்கள் டெவ் டைரக்டரியைப் போலவே ஒரு பெயர் மரம் ஆரம்பம் முதல் இருக்கிறது. இ டிரைவ் என்பது அதில் ஒரு இடத்தைக் காட்டும் வெறும் இணைப்பு. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வின்ஆப்ஜ் என்று ஒரு கருவி உண்டு, திறந்து பாருங்கள், முழு மரமும் தெரியும். பிசிகல்டிரைவ்0 என்ற பெயரில் முழு டிஸ்கையும் சாதாரண ஃபைலைப் போல் புரோகிராமில் திறக்கலாம். விஸ்டாவிலிருந்து மவுன்ட் ஆன வால்யூம் இருக்கும் செக்டர்களில் நேரடியாக எழுத விடாது, முதலில் வால்யூமைப் பூட்ட வேண்டும். ரூஃபஸ் போன்ற கருவிகள் உள்ளே அதைத்தான் செய்கின்றன. ஆக, சால்டர்புகை சொல்வது சரி, ரூட்வாசி சொல்வது சரியில்லை. பெயர் இருக்கிறது, எக்ஸ்ப்ளோரர் அதைக் காட்டுவதில்லை.

இன்னொன்று. அடிமட்ட வேலை என்றாலே லினக்ஸ்தான் என்ற நினைப்பும் எனக்கு ஒத்துவராது. கெர்னல் டீபக்கிங்கை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் டிரைவர் எழுதுபவர் முதல் வாரமே வின்டிபிஜி டீபக்கரைக் கற்றுக்கொள்கிறார். நீலத்திரை வந்தால் மெமரி டம்ப்பைத் திறக்கிறார், சிம்பல் சர்வரிலிருந்து பெயர்கள் இறங்குகின்றன, எந்த ஃபங்ஷன் எந்த முகவரியில் விழுந்தது என்று அசெம்பிளியில் பின்னோக்கி நடக்கிறார். லினக்ஸில் இந்தப் பழக்கம் ரொம்ப நாள் இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே கெர்னல் டீபக்கர் பிடிக்காது. கேஜிடிபி என்ற கெர்னல் டீபக்கர் முதன்மை கெர்னலில் சேர்ந்தது 2.6.26 பதிப்பில், அதாவது 2008இல்தான்.

ஏன் இந்த வித்தியாசம்? விண்டோஸில் நமக்கு சோர்ஸ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பிரித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி, அதனால் அதற்கான கருவிகள் பிரமாதமாக வளர்ந்தன. லினக்ஸில் சோர்ஸ் கையில் இருக்கிறது. சந்தேகமான இடத்தில் ஒரு பிரின்ட்கே (செய்தி அச்சிடும் வரி) போட்டு, மறுபடி கம்பைல் செய்து, பூட் செய்து பார்த்துவிடலாம். இரண்டும் அடிமட்ட வேலைதான். ஒருவர் மெஷின் கோடைப் படிக்கப் பழகுகிறார், மற்றவர் சி கோடைப் படிக்கப் பழகுகிறார்.

---

பழைய ஃப்ளாப்பி

தம்பிகளா, டாஸ் காலத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

டாஸில் தடுப்பு என்று ஒன்றுமே இல்லை. டீபக் என்று ஒரு கட்டளை எல்லா மெஷினிலும் இருக்கும். எல் 100 0 0 1 என்று அடித்தால் ஏ டிரைவ் ஃப்ளாப்பியின் முதல் செக்டர் மெமரிக்கு வரும். டி போட்டால் பதினாறடிமான எண்கள் ஓடும், கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்று இருந்தால் பூட் செக்டர் நன்றாக இருக்கிறது. ஹார்ட்டிஸ்க் கன்ட்ரோலர் கார்டின் ரோமுக்குள் நேராகத் தாவி லோ லெவல் ஃபார்மேட் தொடங்க ஜி=சி800:5. சர்வீஸ் சென்டர் பையன்களுக்கு இது மனப்பாடம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

ஆனால் சால்டர்புகை சொன்ன பெயர் விஷயம் டாஸிலேயே இருந்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை. டீபக்கின் எல் கட்டளைக்கு டிரைவ் எண்தான் தெரியும். 0 என்றால் ஏ, 2 என்றால் சி. சி டிரைவின் முதல் செக்டர் வரும், டிஸ்கின் முதல் செக்டர் வராது. டிஸ்கின் அந்த முதல் செக்டரான எம்பிஆர் வேண்டுமென்றால் ஏ கட்டளை போட்டு, பயாஸின் டிஸ்க் சேவையான இன்டரப்ட் 13ஐ அழைக்கும் நாலு வரி அசெம்பிளியை அங்கேயே எழுதி ஓட்ட வேண்டும். தடுப்பே இல்லாத ஓஎஸ்ஸில்கூட டிரைவ் எழுத்துக்குக் கீழே போவதற்கு அசெம்பிளி தெரிந்திருக்க வேண்டும்!

டாஸ் மெமரியின் 640 கேபி எல்லைக் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். கேம் ஓட்டுவதற்காகக் கான்ஃபிக் ஃபைலில் மெமரி மேனேஜர்களான ஹைமெம், ஈஎம்எம்386 வரிகளை மாற்றி மாற்றிப் போட்டே மெமரி மேப் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள்.

விண்டோஸ் 95, 98 வரைக்கும் பிரின்டர் போர்ட்டில் எல்ஈடி மாட்டி, 378 என்ற முகவரிக்கு ஒரு பைட் அனுப்பினால் எரியும். எலக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட் எல்லாம் அப்படித்தான் நடந்தது. எக்ஸ்பி வந்ததும் அதே புரோகிராம் செத்து விழுந்தது, என்டி கெர்னல் யூசர் புரோகிராமைப் போர்ட் பக்கம் விடாது. அப்போது என்ன செய்தோம்? என்டி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை. கிவ்ஐஓ என்று ஒரு குட்டி டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றினோம், எந்த புரோகிராமும் எந்தப் போர்ட்டையும் தொடலாம் என்று அது கதவைத் திறந்துவிடும். அந்த இடத்தில்தான் "இதற்கு என்ன சாஃப்ட்வேர்" என்ற கேள்வி பிறந்தது என்பது என் எண்ணம்.

---

ரூட்வாசி

> பெயர் இருக்கிறது, எக்ஸ்ப்ளோரர் அதைக் காட்டுவதில்லை

சரி, ஒப்புக்கொள்கிறேன் ப்ளூஸ்கிரீன். ஆனால் வின்ஆப்ஜ் என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் சொல்வது சாதாரண ஆளின் கைப்பழக்கம் பற்றி.

---

ப்ளூஸ்கிரீன்

சாதாரண லினக்ஸ் ஆளின் கைப்பழக்கத்தையும் சொல்லவா? வலையில் கிடைத்த வரியை முன்னால் சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டு) சேர்த்து ஒட்டுவது. "பெர்மிஷன் டினைட்" வந்தால் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும். இதில் டிஸ்க் பற்றிய அறிவு எங்கே வந்தது?

---

கமாண்ட்ஸ்பேஸ்

சண்டைக்கு நடுவில் மேக் பற்றியும் கொஞ்சம்.

மேக்கில் விநோதம் என்னவென்றால், டெர்மினலைத் திறந்தால் யூனிக்ஸ், அதை நம்பிக் கொஞ்சம் கீழே இறங்கினால் ஆப்பிள் வந்து கையைப் பிடிக்கும். 2015இல் எல் கேபிட்டனோடு சிஸ்டம் இன்டக்ரிட்டி புரொடெக்ஷன் வந்தது. ரூட்டாக இருந்தாலும் சிஸ்டம் ஃபைல்களைத் தொட முடியாது. அணைக்க வேண்டுமென்றால் ரிகவரியில் பூட் செய்து அங்கிருந்துதான் அணைக்க வேண்டும். 2019 கேடலினாவில் சிஸ்டத்துக்கென்று படிக்க மட்டுமேயான தனி வால்யூம். 2020 பிக் சர்ரில் அதற்குக் கையெழுத்தும் முத்திரையும். கெர்னல் எக்ஸ்டென்ஷன் எழுதிக்கொண்டிருந்தவர்களை டிரைவர்கிட் பக்கம் தள்ளிவிட்டார்கள். யூனிக்ஸில் ரூட் என்றால் கடைசி அதிகாரம் என்று படித்து வந்தவனுக்கு இது பெரிய மாற்றம். இன்று மேக்கில் ரூட் என்பது கொஞ்சம் கூடுதல் சலுகை உள்ள யூசர், அவ்வளவுதான்.

பழக்கம் எப்படி மாறுகிறது என்றால், மேக்காரர் சிஸ்டத்தைக் குடைவதையே விட்டுவிடுகிறார். நானே இப்போது கீழ்மட்ட வேலை வந்தால் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினைத் திறந்துகொள்கிறேன்.

அப்புறம் ரூட்வாசி, "டிடி தெரிந்தால் போதும்" என்றீர்கள். லினக்ஸில் டிடி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பச் சொல்லிப் பழைய கட்டுரைகளில் இருக்கும் இல்லையா? அதையே மேக்கில் செய்தால் டிடி செத்துவிடும், கார்டு பாதியில் நிற்கும். இங்கே கன்ட்ரோல்+டி (T) அமுக்க வேண்டும். டிஸ்க்2 என்று கொடுத்தால் ஆமை வேகம், முன்னால் ஒரு ஆர் சேர்த்து ஆர்டிஸ்க்2 என்று கொடுத்தால் பஃபரைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும், பல மடங்கு வேகம். கட்டளை ஒன்றுதான், குடும்பம் வேறு.

---

சால்டர்புகை

கமாண்ட்ஸ்பேஸ் சொன்ன பஃபர் விஷயத்தில் லினக்ஸ் மாணவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். டிடி முடிந்து பிராம்ப்ட் திரும்பிவிடும், ஆனால் பாதி டேட்டா இன்னும் ராமில்தான் இருக்கும். கார்டைப் பிடுங்கிவிட்டுப் பை பூட் ஆகவில்லை என்று வந்து நிற்பார்கள். கடைசியில் கான்வ்=எஃப்சிங்க் சேர்க்கச் சொல்லி போர்டில் எழுதியே வைத்திருக்கிறேன். விண்டோஸ் மாணவர் இதில் மாட்டுவதில்லை. இமேஜர் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்து, அப்புறம்தான் "முடிந்தது" என்கிறது. கருவி அவருக்காக யோசித்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், லேபில் எனக்கு நேரம் மிச்சம்!

---

பேத்தை

யூனிக்ஸ் குடும்பத்தின் இன்னொரு கிளை, பிஎஸ்டிகாரன் ஒருவனாவது வர வேண்டாமா.

ஃப்ரீபிஎஸ்டியில் மவுன்ட் ஆன டிஸ்கின் மேல் டிடி ஓட்டினால் கெர்னல் மறுக்கும். வேண்டுமென்றே எழுதத்தான் வேண்டும் என்றால் கெர்ன்.ஜியோம்.டீபக்ஃப்ளாக்ஸ் என்ற மதிப்பை 16 ஆக்க வேண்டும். கையேட்டில் அந்த 16க்கு எழுதியிருக்கும் விளக்கம், தன் காலில் தானே சுட்டுக்கொள்ள அனுமதி. ஓப்பன்பிஎஸ்டியில் இன்னும் கறார். பூட் ஆனதும் செக்யூர்லெவல் 1க்கு ஏறிவிடும், பிறகு ரூட்டே கேட்டாலும் இறங்காது. மவுன்ட் ஆன டிஸ்கில் நேரடியாக எழுத வேண்டுமென்றால் ரீபூட் செய்து சிங்கிள் யூசரில் வா என்கிறது.

லினக்ஸ் ஒன்றும் கேட்காமல் எழுதிவிடும். மவுன்ட் ஆன டிஸ்கில் எழுதுவதைத் தடுக்கும் வசதி 6.8 கெர்னலில்தான் வந்தது, அதுவும் தானாகத் தடுக்காது. யூனிக்ஸ் குடும்பம் எல்லாம் ஒரே மாதிரி யோசிக்கிறது என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

---

ரூட்வாசி

லினக்ஸ் ஒன்றும் கேட்காது என்பது பழைய கதை பேத்தை. 5.4 கெர்னலில் ரூட்டையே கட்டுப்படுத்தும் லாக்டவுன் வந்தாகிவிட்டது. செக்யூர் பூட் போட்ட உபுண்டு, ஃபெடோராவில் அது தானாகவே இயங்கும். கையெழுத்தில்லாத மாட்யூல் ஏறாது, டெவ் மெம் வழியாக மெமரியைத் தொட முடியாது. விர்ச்சுவல்பாக்ஸ் போட்டாலே ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அடுத்த பூட்டில் நீலத்திரையில் சாவியைப் பதியச் சொல்கிறது. முதல் தடவை பார்ப்பவர் வைரஸ் என்றே நினைப்பார்.

எனக்கு இதில் வருத்தம்தான். எல்லாம் ஃபைல் என்பதால்தான் நான் கெர்னலையே கற்றுக்கொண்டேன்.

---

பழைய ஃப்ளாப்பி

எல்லாம் ஃபைல் என்பதற்கும் ஒரு விலை உண்டு தம்பி. 2016 தொடக்கத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ரூட்டில் நின்று ஆர்எம் போட்டு எல்லாவற்றையும் அழித்தவர்களில் சிலருக்கு லேப்டாப்பே எழுந்திருக்கவில்லை. டிஸ்க் அழிந்தால் திரும்ப இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் யூஈஎஃப்ஐ (பூட் ஃபர்ம்வேர்) வேரியபிள்களையும் லினக்ஸ் சிஸ் டைரக்டரிக்குள் ஃபைலாகக் காட்டுகிறது, அவையும் சேர்ந்து அழிந்தன. சில மதர்போர்டு ஃபர்ம்வேருக்கு அந்த வேரியபிள் இல்லாமல் எழத் தெரியவில்லை. தப்பு ஃபர்ம்வேரில்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 4.5 கெர்னலில் அந்த ஃபைல்களை எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். விண்டோஸில் அந்த வேரியபிளைத் தொடத் தனி ஃபங்ஷன், தனி உரிமை வேண்டும். தற்செயலாக யாரும் அங்கே போய் நிற்க முடியாது.

சால்டர்புகையின் வாதத்துக்கு இது நல்ல சாட்சி, கூடவே எச்சரிக்கையும். பெயர் வைத்துக் காட்டினால் யோசிப்பார்கள் சரி, கூடவே அழிக்கவும் செய்வார்கள்.

---

ப்ளூஸ்கிரீன்

எங்கள் பக்கத்து விலையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட் ஒன்றால் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டில் 85 லட்சம். அதே நிறுவனத்தின் மென்பொருள் மேக்கிலும் ஓடுகிறது, அந்த அப்டேட்டால் மேக் விழவில்லை. அந்தக் கோளாறு ஃபைல் விண்டோஸுக்கு மட்டும் போனது என்பது நேரடிக் காரணம். ஆனால் அமைப்பிலும் வித்தியாசம் உண்டு. கேடலினாவிலிருந்து ஆப்பிள் பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே வரவைத்துவிட்டது. விண்டோஸில் அது கெர்னல் டிரைவர், உள்ளே தப்பாக ஒரு முகவரியைப் படித்தால் மொத்த மெஷினும் விழும்.

இதில் நான் கவனித்தது மீட்பு வேலையைத்தான். சேஃப் மோடில் பூட் செய்து ஒரு ஃபைலை அழிக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் பல இடங்களில் டிஸ்க் பிட்லாக்கர் என்க்ரிப்ஷனில் பூட்டியிருந்தது. 48 இலக்க ரிகவரி கீ எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மவுஸாலேயே எல்லாம் செய்து பழகிய அட்மின்கள் கறுப்புத் திரையில் சிடி, டெல் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பிசிகல்டிரைவ் பற்றி அன்றைக்குத்தான் நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்.

---

இசிஇ_கடைசிபெஞ்ச்

அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் விண்டோஸ் 11இல் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு லினக்ஸ் பழகுகிறேன். சீரியல் கேபிள் விண்டோஸில் காம்3 என்று வருகிறது. டபிள்யூஎஸ்எல் உள்ளே டிடிஒய்யூஎஸ்பி0 வரவே இல்லை. இது லினக்ஸ்தானே?

---

ப்ளூஸ்கிரீன்

லினக்ஸ்தான் தம்பி, ஆனால் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் லினக்ஸ். டபிள்யூஎஸ்எல் 1இல் லினக்ஸ் கெர்னலே இல்லை, சிஸ்டம் காலை விண்டோஸ் மொழிபெயர்க்கும். அதில் காம்3 தானாக டிடிஒய்எஸ்3 ஆகத் தெரியும். இரண்டாம் பதிப்பில் நிஜக் கெர்னல் வந்தது, யூஎஸ்பி வெளியே நின்றுவிட்டது. யூஎஸ்பிஐபிடி-வின் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் முதலில் பைண்ட், பிறகு அட்டாச் கொடு. அட்டாச் செய்திருக்கும்வரை விண்டோஸுக்குக் கேபிள் தெரியாது, பயந்துவிடாதே.

(இதோ பாருங்கள், நானும் "இதற்கு இந்த சாஃப்ட்வேர்" என்றுதான் பதில் சொன்னேன்.)

---

சால்டர்புகை

இந்தத் தலைமுறையை நான் இழையில் சேர்க்கவே மறந்துவிட்டேன். கட்டளை எல்லாம் லினக்ஸ், ஹார்டுவேர் முழுக்க விண்டோஸ் கையில். ஷெல் நன்றாக வருகிறது, டீமெசேஜ் என்றால் என்னவென்று தெரியவில்லை. டபிள்யூஎஸ்எல்லில் டீமெசேஜில் வருவது விண்டோஸின் விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி காட்டும் பொய் ஹார்டுவேர்தானே, அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்?

---

இசிஇ_கடைசிபெஞ்ச்

நன்றி அண்ணா, டபிள்யூஎஸ்எல்லில் வேலை செய்தது. லேபில் உள்ள உபுண்டு 22.04 மெஷினிலும் முயன்றேன். அங்கே சிஎச்340 கேபிள் சொருகியதும் ஒரு நொடி டிடிஒய்யூஎஸ்பி0 வருகிறது, உடனே காணாமல் போகிறது. சீரியல் போர்ட் அனுமதிக்கான டயல்அவுட் குரூப்பில் என்னைச் சேர்த்து லாகவுட் செய்து வந்தும் அதே கதை. கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

---

ரூட்வாசி

பெர்மிஷன் பிரச்சினை என்றால் ஃபைல் இருக்கும், திறக்க விடாது. உனக்கு ஃபைலே போய்விடுகிறது, அப்படியென்றால் வேறு யாரோ டிவைஸைப் பிடுங்குகிறார்கள். கேபிளைக் கழற்றிச் சொருகிவிட்டு டீமெசேஜின் கடைசிப் பத்து வரியைப் பார். சிஎச்341 (உன் சிஎச்340 கேபிளின் டிரைவர்) இன்டர்ஃபேஸைப் பிடித்திருக்கும்போது பிஆர்எல்டிடிஒய் கான்ஃபிக் மாற்றுகிறது என்று ஒரு வரி இருக்கிறதா?

---

இசிஇ_கடைசிபெஞ்ச்

இருக்கிறது அண்ணா! அதற்கு அடுத்த வரியே டிஸ்கனெக்டட். பிஆர்எல்டிடிஒய் என்றால் என்ன? அதை நீக்கிவிடலாம் என்று ஒரு தளத்தில் போட்டிருக்கிறார்கள்.

---

ரூட்வாசி

பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் டிஸ்ப்ளேக்கான சர்வீஸ். சில பிரெயில் கருவிகளிலும் உன் கேபிளில் உள்ள அதே சிப், அதே ஐடி, 1ஏ86:7523. அதனால் உன் கேபிளைப் பிரெயில் கருவி என்று நினைத்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறது. சொந்த மெஷின் என்றால், உனக்கு அது தேவையில்லை என்றால், நீக்கிவிடலாம்.

---

சால்டர்புகை

லேப் மெஷினில் யாரும் எதையும் நீக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் பிரெயில் டிஸ்ப்ளே வைத்திருக்கும் மாணவர் ஒருவர் அதே வரிசையில்தான் உட்காருகிறார். அவருடையது வேறு ஐடி, பார்த்துவிட்டேன். டிவைஸ் சொருகியதும் இயங்கும் யூடெவ் விதிகளில் 85-பிஆர்எல்டிடிஒய் என்ற ஃபைலை ஈடிசி பக்கத்துக்கு அதே பெயரில் நகல் எடுத்து, அந்த நகலில் 7523 வரும் வரிக்கு மட்டும் முன்னால் ஹேஷ் போடு. மூல ஃபைலில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் பழையபடி ஆகிவிடும். விதிகளை ரீலோட் செய்துவிட்டுக் கேபிளைக் கழற்றி மாட்டு. திங்கட்கிழமை மற்ற மெஷின்களிலும் நானே போட்டுவிடுகிறேன்.